தாம்பு ஆகாது

பிள்ளைகளா, போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் போனை என் மூக்குக்கு நேரே நீட்டி ஒரு பிராணியைக் காட்டினீர்கள். கழுத்து ஒட்டகம் மாதிரி, உடம்பு செம்மறி மாதிரி, முகம் எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற மனுஷன் மாதிரி. அல்பாகா என்றீர்கள். "ஒண்ணே ஒண்ணு வாங்கித் தாப்பா, மொட்டை மாடியில வச்சு வளப்போம்" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டே பட்டறைக்குக் கிளம்பிவிட்டேன். அப்படிச் சிரித்தது தப்பு என்று பிறகு தோன்றியது.

அதனால் கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் என் கூட்டாளியிடம் கேட்டேன். அவனும் அதைப் படத்தில் பார்த்தவன்தான். ஆனாலும் புத்தகத்தைப் புரட்டிச் சொன்னான். அது ஒட்டகத்துக்குச் சொந்தக்காரனாம். குளிர்ந்த மலையில் பிறந்தது, அவனியாபுரத்து வெயிலில் கம்பளியோடு நின்றால் சுருண்டு விழுந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை மயிர் கத்தரிக்க வேண்டும், நகம் வெட்ட வேண்டும். கோபம் வந்தால் துப்பும். ஒன்றை மட்டும் தனியாக வளர்க்கவே கூடாது, ஏங்கிச் செத்துப்போகும். நோய் வந்தால் வெளியில் காட்டாது, கடைசி வரைக்கும் நன்றாக இருக்கிற மாதிரியே நிற்கும். எந்தச் செடி ஆகும், எந்தச் செடி ஆகாது என்று தெரியாமல் வாங்கவே வாங்காதே என்றான்.

"இதெல்லாம் செம்மறிக்கும் உள்ளதுதானடா" என்றேன்.

"ஆமா, அதான். நீதான் வளத்திருக்கியே" என்றான்.

வளர்த்திருக்கிறேன். ஒரே ஒரு கோடை. அதைப் பற்றி உங்களிடம் நான் பேசியதே இல்லை. நான் எட்டாவது வரைக்கும் படித்தவன், பிழை இருந்தால் உங்கள் அம்மா திருத்தட்டும். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் அப்பா அவனியாபுரத்தில் ஒரு பட்டறையில் லேத்து ஓட்டிக்கொண்டிருந்தார். வாடிப்பட்டிக்கு மேற்கே அப்பாவின் ஊரில் எங்களுக்கு ஒரு ஓட்டு வீடும் கொஞ்சம் மானாவாரி நிலமும் இருந்தன. வீடு பூட்டிக் கிடந்தால் கறையான் தின்றுவிடும் என்று, அந்த வருஷம் அம்மாவையும் அக்காவையும் என்னையும் அங்கே கொண்டுபோய் விட்டார். அவர் மட்டும் பட்டறையிலேயே தங்கிக்கொண்டு சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். அம்மா கோச்சடையில் பிறந்து வளர்ந்தவர். தெரு விளக்கும் சினிமா போஸ்டரும் பார்த்து வளர்ந்தவருக்கு அந்த ஊரில் எல்லாமே பயம். ஓட்டுக்குள் பல்லி சத்தம் போட்டால் பயம். கொல்லைப்புறம் போக அக்காவைத் துணைக்குக் கூப்பிடுவார். ஊர்க்காரர்கள் யார் என்ன மனசோடு பேசுகிறார்கள் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை.

நிலம் இருக்கிறது, ஆடு வளர்த்தால் என்ன என்று அப்பாதான் ஆரம்பித்தார். முதலில் பழக்கிப் பார்க்கலாம் என்று ஒரே ஒரு செம்மறியைக் கொண்டுவந்து விட்டார். வெள்ளை உடம்பு, மூக்கு மட்டும் கறுப்பு. மூக்குக்கறுப்பி என்றே கூப்பிட்டோம்.

அது இராப்பகலாகக் கத்தியது. தவிட்டுத் தண்ணீர் வைத்தால் முகரக்கூட இல்லை. சுவரோடு சுவராக ஒட்டி நின்று, வாசலைப் பார்த்து, நெஞ்சு விலா எலும்பில் இடிக்க இடிக்கக் கத்தியது. நான் கையை வைத்துப் பார்த்தேன். அந்த இடி என் உள்ளங்கையில் இப்போதும் இருக்கிறது. எனக்கும் அந்த ஊரில் கூட்டாளி யாரும் கிடையாது. அது கத்தக் கத்த நானும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு அக்கா வந்து எங்கள் படல் ஓரமாக நின்றார். முப்பது வயதிருக்கும். நாலைந்து ஆடு வைத்திருந்தார், மற்ற நேரத்தில் களை எடுக்கப் போவார். ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து நிலங்களில் கூலிக்குப் பாடுபட்டவர்கள். எங்கள் பக்கம் அவர்களை "அது" என்றும் "அவ" என்றும்தான் பேசுவார்கள், நானும் அப்படித்தான் பேசினேன். இப்போது அவர் என்றே எழுதுகிறேன்.

"ஒத்தை ஆடு நிக்காதுக்கா. கூட்டத்துல இருந்த உசுரு. தனியா விட்டா, தன்னை எதுவோ திங்க வருதுன்னே நெனச்சுக்கிட்டு நிக்கும்" என்றார் அம்மாவிடம்.

அம்மா "சரி, சரி" என்று கதவைச் சாத்திக்கொண்டார். ஆனால் அடுத்த சனிக்கிழமை அப்பா இன்னும் ஐந்து கொண்டுவந்து விட்டார். மூக்குக்கறுப்பி ஒரு தடவை தும்மியது, போய் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தது, அப்புறம் கத்தவே இல்லை.

அடுத்தவர் காட்டில் ஆடு வாய் வைத்துவிட்டால் சண்டை வருமே என்று அம்மாவுக்கு அடுத்த பயம். கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பழைய தாம்புக் கயிற்றை ஆறு துண்டாக அறுத்து ஆறு கழுத்திலும் கட்டிவிட்டார். "கயித்தை அவுத்தேன்னு தெரிஞ்சுச்சு, அதே கயித்தால தோலை உரிச்சுருவேன்" என்றார். சும்மா சொல்கிறவர் இல்லை. ஆறு கயிற்றையும் கையில் பிடித்துக்கொண்டு நான் வாய்க்கால் கரைக்குப் போவேன். ஆடுகள் ஆறு திசைக்கு இழுக்கும். கயிறுகள் பின்னிக்கொள்ளும். அந்தக் கயிற்றின் பாசி வாசனையும் சொரசொரப்பும் எப்போதும் உள்ளங்கையில் இருக்கும்.

ஓடைக்கரையில் நின்ற அந்த அக்கா ஒரு நாள் சிரித்தார். "என்ன தம்பி, ஆடு மேய்க்கப் போறியா, பட்டம் விடப் போறியா? செம்மறிய யாராச்சும் கட்டி மேய்ப்பாகளா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்தது. ஒரே ஒரு மழைதான். அதன் பிறகு வெயில் முன்னைவிடக் கொளுத்தியது. எங்கள் நிலத்தில் தையில் சோளம் அறுத்த கட்டை அப்படியே நின்றது. அந்த ஒரு மழைக்கு ஒவ்வொரு கட்டையிலிருந்தும் குருத்து கிளம்பி, முழங்கால் உயரத்துக்கு நின்றது. சுற்றி எல்லாம் செம்மண்ணும் காய்ந்த புல்லும். நடுவில் அந்தப் பச்சை. பார்த்தால் நமக்கே மேயலாம் போலிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் அந்த அக்கா என்னிடம் அதைச் சொன்னார். விறகுக் கட்டோடு எதிரே வந்தவர், என் கையிலிருந்த ஆறு கயிற்றையும் ஆறு ஆட்டையும் பார்த்தார். தலைச்சுமை கழுத்தை அமுக்க, அவசரமாகச் சொன்னார்.

"தம்பி, தாம்பு ஆகாது. ஆட்டுக்கு ஆகாது, தெரியும்ல? உசுரையே வாங்கிரும்."

நான் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த தாம்பு ஒன்றே ஒன்றுதான். கையில் இருந்தது அதுதான். முந்தி கேலி செய்தாரே, அதைத்தான் மறுபடியும் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். கழுத்தில் கயிறு இறுக்கி ஆடு செத்துப்போகும் என்கிறார் என்று புரிந்துகொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை அம்மா கோச்சடையில் தன் தங்கையைப் பார்க்கக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார். வீட்டில் என் அக்கா உளுந்து ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் ஆடுகளை எங்கள் நிலத்துக்கு ஓட்டிப் போனேன். ஒரு ஆட்டின் கழுத்தில் கயிறு உரசி ரோமம் போய்ச் சிவந்திருந்தது. உசுரையே வாங்கிரும் என்ற சொல் காதில் இருந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை. ஒவ்வொரு கழுத்திலிருந்தும் கயிற்றை அவிழ்த்தேன்.

ஆடுகள் ஒரு நொடி என்னைப் பார்த்தன. அப்புறம் ஆறும் சேர்ந்து பச்சைக்குள் பாய்ந்தன. குருத்தைக் கடிக்கிற சத்தம் நறுக் நறுக்கென்று கேட்டது. அம்மா எப்போதும் "பச்சையக் கண்டா நிறுத்தி மேய்" என்பார். நான் அம்மா சொன்னதையும் செய்தேன், அந்த அக்கா சொன்னதையும் செய்தேன். சந்தோஷமாக வரப்பில் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்துவிட்டு, இவ்வளவு பயத்தோடு நினைத்துப் பார்க்கிற கால் மணி நேரம் என் வாழ்க்கையில் வேறு எதுவும் இல்லை.

வெயில் ஏறியதும் தண்ணீர் காட்டலாம் என்று ஓட்டினேன். ஓடைக்கரையில் அந்த அக்கா வீட்டு முன்னால் ஒரு கல் தொட்டி உண்டு. எங்கள் ஆடுகளும் அதில் குடிக்கும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். ஆறும் குடித்தன. தலையைத் தூக்கின. அதில் ஒன்று நடக்கப் போய், இல்லாத படியில் கால் வைத்த மாதிரி முன்னால் விழுந்தது. வயிறு துருத்தி போல ஏறி இறங்கியது. வாயில் நுரை. உதடு விலகித் தெரிந்த ஈறு செக்கச் செவேலென்று, இரத்தம் பூசிய மாதிரி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது விழுந்தது. மூக்குக்கறுப்பி தள்ளாடி என் காலில் வந்து முட்டி மண்டியிட்டது. குறைவாக மேய்ந்த மற்ற மூன்றும்தான் நின்றன.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தோளில் கிடந்த கயிறுகளை எடுத்து மறுபடியும் கட்டினேன். உதைத்துக்கொண்டிருக்கிற ஆட்டின் கழுத்தில் முடிச்சுப் போட்டேன். அவிழ்த்தது தெரிந்துவிடக் கூடாது. அது மட்டும்தான் மண்டைக்குள் இருந்தது.

அந்த அக்கா சத்தம் கேட்டு ஓடிவந்தார். ஆட்டின் வாயைப் பிளந்து பார்த்தார்.

"எங்கடா மேஞ்சுச்சு? எதைத் தின்னுச்சு? வெரசாச் சொல்லு தம்பி!"

"ஒண்ணும் திங்கல. தண்ணி மட்டும்தான் குடிச்சுச்சு."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். உள்ளே ஓடிப்போய் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, செம்பில் கொண்டுவந்து, மூக்குக்கறுப்பியின் வாயோரமாக மெல்ல மெல்ல விட்டார். மற்ற இரண்டுக்கும் விடப் போனார். அதற்குள் அவை காலை நீட்டிவிட்டன. பாதையில் வந்த இரண்டு பேர் பார்த்தது அந்தக் காட்சியைத்தான். செத்துக் கிடக்கிற ஆடு, பக்கத்தில் கையில் செம்போடு அவர்.

அம்மா பஸ் இறங்கி வருவதற்குள் கதை ஊரைச் சுற்றிவிட்டது. எங்கள் வாசலில் கூட்டம், நடுவில் அந்த அக்கா.

"தொட்டித் தண்ணியில எதையோ கலந்துட்டா."

"வாயில ஊத்துனதை நான் கண்ணால பாத்தேன்ல?"

"அவ ஆட்டுக்கு இருந்த மேச்சலை இவுக ஆடு திங்குதுன்னு எரிச்சல்."

அம்மா அழுதுகொண்டே, "ஊருக்குப் புதுசுன்னு தெரிஞ்சுதானே இம்புட்டும் பண்ணுன? பாவி!" என்றார். அவர் அன்று அழுதது ஆட்டுக்காக மட்டும் இல்லை. அந்த ஊரில் வந்து இறங்கிய நாள் முதல் அவர் யாருக்குப் பயந்துகொண்டிருந்தாரோ, அந்த ஆளுக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. இது எனக்கு இப்போது தெரிகிறது.

அந்த அக்கா நகரவில்லை. "நான் எதுக்குக்கா வைக்கப் போறேன்? அன்னைக்கே நான் தம்பிகிட்டச் சொன்னேனே, ஆகாதுன்னு. கேளுங்க தம்பிய."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் தோளைப் பிடித்தார். "சொன்னாளாடா?"

சொன்னார் என்றால், என்ன சொன்னார் என்று கேட்பார்கள். தாம்பு ஆகாது என்றார் என்பேன். அப்படியானால் அவிழ்த்தாயா என்பார்கள். நான் அம்மாவின் கையைப் பார்த்தேன்.

"இல்ல. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

அந்த அக்காவின் வாய் கொஞ்சம் திறந்தது. யாரோ ஓடைக்கரைக்குப் போய்க் கடப்பாரையால் கல் தொட்டியைப் புரட்டிவிட்டார்கள், அது இரண்டாகப் பிளந்தது. இனிமேல் ஓடையைத் தாண்டி நம்ம தெருக் குழாய்க்கு அவள் தண்ணீருக்கு வரக் கூடாது என்று ஒருவர் சொன்னார். சரி சரி என்று நாலு பேர் சொன்னார்கள். ஊரில் நல்ல தண்ணீர் அந்த ஒரு குழாயில்தான் வரும். அதை விட்டால் கண்மாய்க்கு அந்தப் பக்கம் உள்ள தோட்டத்துக் கிணற்றுக்குப் போக வேண்டும். அன்றைக்கு அது எனக்கு ஒரு தண்டனையாகத்தான் தெரிந்தது. ஒரு தெருவே இதற்காகக் காத்திருந்த மாதிரி அவ்வளவு சுளுவாக ஒத்துக்கொண்டதே, அது ஏன் என்று இப்போது யோசிக்கிறேன்.

புதன்கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் இல்லையே. எதுக்குடா முழிக்கிற?" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறேன் என்று சிரித்துக் காட்டினேன். நோயை மறைக்கிற ஆடு எப்படி நிற்கும் என்று என் கூட்டாளி சொன்னானே, அப்படித்தான் நின்றேன். படலுக்கு வெளியே பார்த்தால், அந்த அக்கா வெயிலில் குடத்தோடு கண்மாய்க் கரையில் போய்க்கொண்டிருப்பார். காலையில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, பொழுது சாயும்போது ஒரு தடவை. நான் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன்.

வியாழக்கிழமை அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். "இனி ஆட்டை வெளியில விட வேண்டாம். கண்டவளும் எதையாச்சும் வைப்பா. நானே பச்சை அறுத்துட்டு வாரேன், கொட்டகையிலயே திங்கட்டும்." அரிவாளோடு போய் எங்கள் நிலத்திலிருந்து ஒரு கட்டு சோளக் குருத்தை அறுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். கோச்சடைக்காரர் முதன்முதலாகத் தலைச்சுமை தூக்கிய நாள். முகமெல்லாம் வேர்த்துப் பெருமையாக இருந்தது. கட்டைக் கொட்டகையில் போட்டு அவிழ்த்தார். நாலு ஆடும் எழுந்து நின்றன.

அந்த நேரம் பார்த்து ஓடைப் பாதையில் அந்த அக்கா வெறுங்குடத்தோடு போனார். எங்கள் படலுக்குள் பச்சை கிடப்பதைப் பார்த்தார். குடத்தைப் பொத்தென்று கீழே வைத்தார்.

"தம்பி! தாம்பு! தாம்புடா அது!"

"அவ கூடப் பேசாத. உள்ள வா" என்றார் அம்மா.

நான் அந்த அக்காவின் கையைப் பார்த்தேன். அந்த விரல் கயிற்றைக் காட்டவில்லை. ஆட்டின் கழுத்தையும் காட்டவில்லை. தரையில் கிடந்த பச்சையைக் காட்டியது.

அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்ப்பதற்கும் அந்த ஊரில் தாம்பு என்றுதான் பெயர். அவனியாபுரத்துப் பையனுக்கு அது தெரியாது.

மூக்குக்கறுப்பி ஒரு வாய் கடித்தது. நான் வாயைத் திறந்தால் செவ்வாய்க்கிழமை முழுவதும் வெளியே வந்துவிடும். இரண்டாவது வாய். அம்மா அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாய். பிள்ளைகளா, நான் எண்ணிக்கொண்டு நின்றேன். அதுதான் உண்மை. ஐந்தாவது வாயில்தான் என் கால் நகர்ந்தது.

கட்டைக் காலால் எத்தி, வாரி, கொட்டகைக்கு வெளியே வீசினேன். அம்மா என் முதுகில் அறைந்தார்.

"பைத்தியமாடா உனக்கு?"

"வெசம்மா! அது வெசம்! அந்தக்கா சொன்னுச்சு! அன்னைக்கே சொன்னுச்சு! நாந்தான் கயித்தை அவுத்து விட்டேன். இதைத்தான் தின்னுச்சு. நாந்தான் பொய் சொன்னேன்!"

அம்மாவின் கை அடுத்த அடிக்கு ஓங்கியபடியே நின்றது. அதற்குள் மூக்குக்கறுப்பி மேல்மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

நல்ல வேளை, செவ்வாய்க்கிழமை செத்ததைப் பற்றி என் அக்கா மாட்டாஸ்பத்திரியில் சொல்லி வைத்திருந்தாள். மிச்ச ஆட்டைப் பார்க்கிறேன் என்ற டாக்டர் அன்றைக்குத்தான் வந்தார். அவருடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் அக்கா வெறுங்காலோடு ஓடினாள். அவர் பச்சையைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கழுத்து நரம்பில் ஊசி போட்டார். பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, கண்ணாடிக் கல் போன்ற உப்பைத் தண்ணீரில் கரைத்து, மருந்து புகட்டுகிற மூங்கில் கொட்டத்தால் வாயில் ஊற்றினார்.

"போட்டோ ஸ்டுடியோவுல படம் கழுவுற உப்பு. ஹைப்போ. சோளக்காட்டு ஊருக்கு வந்தா இதை எடுக்காம வர்றதில்ல" என்றார்.

இப்போது அந்த ஸ்டுடியோக்களும் இல்லை, இருட்டு அறையும் இல்லை. ஒரு ஆட்டின் உயிர் அப்படியொரு பொட்டலத்தில் இருந்தது.

ஆடு கொஞ்சம் கொஞ்சமாக மூச்சைப் பிடித்துக்கொண்டது. கையைக் கழுவிக்கொண்டே டாக்டர் பேசினார். "முத்தி, காஞ்ச தட்டைன்னா பயம் இல்ல. இந்தக் குருத்துதான் எமன். அதும் தண்ணி இல்லாம வாடி நின்னா இன்னும் மோசம். ஆடு வாங்குறதுக்கு முந்தி இதைத் தெரிஞ்சுக்கிற வேண்டாமாம்மா? அன்னைக்கு ஒண்ணு பொழைச்சதே, அதுக்கு என்ன குடுத்தீக?"

அக்காதான் சொன்னாள். "வெல்லத் தண்ணி. ஓடைக்கரை அக்கா குடுத்துச்சு."

"நல்ல காரியம் பண்ணியிருக்காக" என்றார் டாக்டர்.

அவர் போன பிறகு அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருக்கும். கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார். "சரி, ஆடு பொழைச்சிருச்சு. வெளியில யார்ட்டயும் இதைப் பேச வேண்டாம். நாளாக நாளாக எல்லாரும் மறந்துருவாக."

யாரும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் குடம் கண்மாய்க் கரையில் போயிற்று. சனிக்கிழமையும் போயிற்று. சனிக்கிழமை அப்பா வந்தார். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா, "போய் அந்தப் பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா" என்றார். யாரைப் போகச் சொன்னார் என்று தெரியவில்லை. அம்மா எழுந்திருக்கவில்லை. நான் எழுந்தேன்.

ஓடையைத் தாண்டிப் போனேன். அந்த அக்கா உடைந்த தொட்டியின் ஒரு பாதியில் சாணம் கரைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நான் தெரியாமச் சொல்லிட்டேன்க்கா. நீங்க சொன்னீங்க. நான் கயிறுன்னு நெனச்சேன்."

"கயிறா?" என்றார். ஒரு நிமிஷம் விழித்தார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அடப் பாவி. தாம்புன்னா கயிறுன்னா நெனச்ச?" சிரிப்பு வந்த வேகத்தில் நின்றுவிட்டது. "அது சரி. புரியாதது தப்பில்ல தம்பி. சொல்லலைன்னு சொன்னியே, அது?"

நான் அழுதேன்.

"இங்கன வந்து எங்கிட்ட அழுது என்ன ஆகப் போகுது? நான் வெசம் வைக்கலைன்னு எனக்கும் தெரியும், என் ஆட்டுக்கும் தெரியும். அன்னைக்கு அம்புட்டுப் பேரு முன்னால சொன்னேல்ல? நாளைக்குக் குழாயடியில அம்புட்டுப் பேரு முன்னால சொல்லு."

இதை எழுதுகிற இந்த இடத்தில் உங்களிடம் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதையாவது உடைத்தாலும் தொலைத்தாலும் பொய்யே சொல்லியிருந்தாலும், என் கையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அதற்காகத்தான் உங்கள் மேல் நான் இதுவரை கை வைத்ததில்லை. அல்பாகாவோ செம்மறியோ, வளர்க்கிற உயிர் எதைத் தின்றது என்று ஒரு பிள்ளை பயமில்லாமல் சொல்ல முடிகிற வீட்டில்தான் அது பிழைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் தெருப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையில் நின்றார்கள். பிளாஸ்டிக் குடங்கள், பித்தளைக் குடம் ஒன்று. அம்மாவுடைய முறை, அவர் குடம் நிறைந்துகொண்டிருந்தது. நான் வரிசைக்கு முன்னால் போய் நின்றேன். ஓடைப் பக்கமிருந்து அந்த அக்காவும் வெறுங்குடத்தோடு வந்து எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். ஒரு பெண், "இவ எங்க இங்க?" என்று ஆரம்பித்தார்.

அம்மா என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினார். என் நெஞ்சு விலா எலும்பில் இடித்தது.

"அந்தக்கா வெசம் வைக்கல" என்றேன். "நாந்தான் ஆட்டைச் சோளத் தாம்புல விட்டேன். அந்தக்கா விடாதன்னு சொன்னுச்சு. நாந்தான் சொல்லலைன்னு பொய் சொன்னேன்."

என் சத்தம் குழாய்ச் சத்தத்தில் கரைந்துபோனது. முன்னால் நின்ற இரண்டு பேர்தான் திரும்பினார்கள்.

"சத்தமாச் சொல்லு தம்பி" என்றார் அந்த அக்கா. "கடேசியில நிக்கிற மதினிக்குக் கேக்கல பாரு."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினேன். முழுவதையும் மறுபடி முதலிலிருந்து கத்தினேன். கண்ணைத் திறந்தேன். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் இருந்தது.

அம்மா குனிந்து, பாதிதான் நிறைந்திருந்த தன் குடத்தைக் குழாயடியிலிருந்து எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். இரண்டு அடி தள்ளி நின்றார். தண்ணீர் வெறும் கல்லில் விழுந்து தெறித்துக்கொண்டிருந்தது. அந்த அக்கா வந்து, அதன் கீழே தன் குடத்தை வைத்தார்.